நசுங்கத் தெரிந்த கார்

விபத்தில் சிக்கிய காரின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தால், "தகரத்துல செஞ்சிருக்கான்" என்று கூடி நிற்பவர்கள் சொல்வது வழக்கம். பழைய அம்பாசடரின் கெட்டி இரும்பைப் பற்றிய பெருமூச்சும் கூடவே வரும். மோதல் சோதனைக் கூடத்தில் கணக்கு வேறு. அங்கே முன்பக்கம் நசுங்கியே ஆக வேண்டும். ஆட்கள் உட்காரும் கூடு மட்டும் நசுங்கக் கூடாது.

கார் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் போனால் உள்ளே இருப்பவரின் உடலும் அதே வேகத்தில்தான் போகிறது. அந்த வேகத்தில் மோதுவது சுமார் 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடி உயரத்திலிருந்து, விழுவதற்குச் சமம். வெறுந்தரையில் விழுந்தால் கதை முடிந்தது. வைக்கோல்போரில் விழுந்தால் பிழைக்க வழியுண்டு. போர் அமுங்கி, உடல் நிற்பதற்குச் சற்றே அவகாசம் தருகிறது. காரின் முன்பகுதி செய்வது அந்த வைக்கோல்போரின் வேலையைத்தான். மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர் பேலா பாரெனியின் இந்த யோசனை 1959-ல் விற்பனைக் காரிலேயே இடம்பெற்றது. வால்வோவில் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை சீட் பெல்ட் வந்ததும் அதே ஆண்டில்தான். அதை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த வால்வோ அனுமதித்தது.

இந்த 64 கி.மீ. வேக முன்மோதல் சோதனையில் கார் சுவரில் முழுமுகமாக மோதுவதில்லை. எதிரே வரும் வண்டியோடு மோதுவதுபோல, ஓட்டுநர் பக்கத்து 40 சதவீத அகலம் மட்டும் தேன்கூடு போன்ற அலுமினியத் தடுப்பில் இடிக்கும். உள்ளே மனித உருவ டம்மிகள் இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் 1976-ல் உருவாக்கிய 'ஹைப்ரிட் 3' வகை டம்மி சுமார் 78 கிலோ எடை. தலை, கழுத்து, மார்பு, தொடை எங்கும் உணர்கருவிகள். முகத்திலும் முழங்காலிலும் வெவ்வேறு நிறத்தில் ஈரச்சாயம் பூசுவார்கள். இடித்த பிறகு எந்த நிறம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், முழங்கால் டேஷ்போர்டில் பட்டதா, தலை ஸ்டீயரிங்கில் பட்டதா என்பது தெரிந்துவிடும். மோதல் முழுவதும் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு அளவில் முடிந்துவிடுகிறது. ஏர்பேக் விரிய சுமார் 30 மில்லி வினாடி போதும். விரிந்த வேகத்திலேயே பின்துளைகள் வழியாகக் காற்றை விட்டு, தலையை மெல்ல வாங்கிக்கொள்கிறது. ஹைப்ரிட் 3 டம்மி சராசரி ஆணின் உருவம் என்பதையும் சொல்ல வேண்டும். பெண் டம்மி என்று நெடுங்காலம் பயன்பட்டது இதையே சுருக்கிச் செய்ததுதான்.

2014-ன் தொடக்கத்தில் கார்களை மோதவிட்டு நட்சத்திர மதிப்பீடு தரும் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் விற்ற பிரபலமான ஐந்து சிறிய கார்களின் ஏர்பேக் இல்லாத வகைகளை 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்து, 2018 டிசம்பரில், டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்றது. 2023 அக்டோபரில் இந்தியாவின் சொந்த மதிப்பீட்டுத் திட்டமான 'பாரத் என்கேப்' நடைமுறைக்கு வந்தது; நிறுவனங்கள் விரும்பினால் மட்டுமே காரை இதற்கு அனுப்பலாம். சென்னை அருகே ஒரகடத்திலும் மோதல் சோதனைக் கூடம் இருக்கிறது.

சோதனையில் பெரியவர் டம்மிகள் பெல்ட் மாட்டியே அமர்த்தப்படுகின்றன. குழந்தை டம்மிகளுக்குத் தனி இருக்கை உண்டு. பின்சீட்டில் பெல்ட் போடாமல், மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நட்சத்திரங்கள் பொருந்தாது.