சொல் வழியே மௌனம்

'சும்மா இருத்தல்' என்னுந் தொடர் நம்மவர் நாவில் இரு வேறு பொருளில் வழங்குகின்றது. வேலையின்றித் திண்ணையிற் குந்தியிருப்பவனைச் 'சும்மா இருக்கிறான்' என்கின்றோம். ஐம்புலனும் அடங்கி நிற்கும் ஞானியரையும் அச்சொல்லாலேயே சுட்டுகின்றோம். அருணகிரிநாதர் முருகப் பெருமானிடத்துப் பெற்ற உபதேசம் இச் சும்மா இருத்தலே என்பது மரபு. முன்னையது சோம்பல்; பின்னையது எல்லாத் தொழிலினும் அரிய தொழில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் தூரத்தை இல்லறத்தில் நின்று உழைப்பவர் எங்ஙனங் கடப்பது? காடும் குகையும் எல்லார்க்கும் வாய்ப்பனவல்ல. பள்ளிக்கூட மணியோசையும் பிள்ளைகளின் கூச்சலும் சூழ்ந்த வாழ்விலே மன அமைதிக்கு வழியுண்டோ என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

சைவ சித்தாந்த நூலார் ஞானத்திற்கு நான்கு படிகள் வகுத்தனர். கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்பன அவை. நான்காவது படியாகிய நிட்டையே நாம் வேண்டும் அமைதி. ஆயின் முதற்படி கேட்டல் என்பதை நோக்குக. மௌனத்திற்குச் செல்லும் வழி சொல்லிலே தொடங்குகின்றது. திருவள்ளுவரும் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வியை 42ஆம் அதிகாரமாக வைத்தார். எழுத்தறியாதார்க்கும் செவி உண்டு என்பதை அவர் மறந்தாரல்லர்.

இந்நான்கு படிகளையும் ஊரார் அனைவருக்கும் எளிதாக்கிய ஒரு முறை யாழ்ப்பாணத்திலே வளர்ந்தது. அதுவே புராண படனம். கோயில் மண்டபத்திலே கந்தபுராணத்தைப் பீடத்தில் வைத்துப் பூசித்து, ஒருவர் வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லுவர். வாசிப்பவர் செய்யுளை ஏற்ற இராகத்திலே பாடுவர். பின்னர்ச் சந்தி பிரித்துச் சிறு சிறு தொடராக எடுத்துக் கொடுப்பர். பயன் சொல்பவர் அவ்வத் தொடருக்குப் பொருள் விரிப்பர். கேட்போர் வரிசையிலே பண்டிதரும் இருப்பர், கமக்காரரும் இருப்பர், பூமாலை கட்டியபடி செவி கொடுக்கும் மூதாட்டியரும் இருப்பர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) அவர்கள் இந்நாட்டுத் தமிழர் வாழ்வைக் 'கந்தபுராண கலாசாரம்' என்று பெயரிட்டு வழங்கியதன் காரணம் இம்மண்டபங்களிலே விளங்கும்.

கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணம் ஆறு காண்டங்களும் 10,345 செய்யுள்களும் கொண்டது. ஒரு மாலைக்கு இருபது செய்யுள் என்று கொண்டாலும் 500 நாள்களுக்கு மேற் செல்லும். இந்த நிதானம் ஒரு பயிற்சி. வாசிப்பவர் தம் விருப்பம்போல் விரைந்து ஓடல் இயலாது. பயன் முடியும்வரை காத்திருத்தல் வேண்டும். பயன் சொல்பவரும் எல்லை கடந்து அலைய இயலாது. அடுத்த தொடர் அவரை மீட்டுக்கொள்ளும். பாட்டு நின்று பொருள் தொடங்குமுன் ஒரு கணம் மண்டபம் ஒலியடங்கும். அக்கணத்திலே கேட்டது சிந்தனையாகின்றது. சூரபன்மன் வீழ்ச்சியிலே தம் ஆணவத்தின் முடிவைக் கண்டு, தெய்வயானை திருமணத்திலே மகிழ்ந்து, வள்ளி திருமணத்திலே இறைவன் உயிரைத் தேடிவரும் எளிமையை உணர்ந்தவருக்குத் தெளிதலும் அயலதன்று.

எனினும் இம்முறைக்கும் ஓர் இடர் உண்டு. பயன் சொல்பவர் தம் இலக்கணப் புலமையைக் காட்டும் களமாக மண்டபத்தைக் கொள்ளும்போது செய்யுள் மறைந்து, சொல்பவரே முன்னிற்பர். அங்கே வியப்பு உண்டு, அமைதி இல்லை. தன்னை மறத்தற்கு உதவாத கல்வி எத்துணைப் பெரிதாயினும் நிட்டைக்குப் படியாகாது.

செவிக்குப் புராணம் செய்யும் உதவியைக் கண்ணுக்குச் சிற்பம் செய்கின்றது. கொழும்பிற் பிறந்து உலகறிந்த கலைஞானியாய் விளங்கிய ஆனந்த குமாரசுவாமி (1877–1947) நடராச வடிவத்தின் தத்துவத்தை 1918ஆம் ஆண்டு வெளிவந்த தம் 'சிவ நடனம்' என்னும் ஆங்கில நூலிலே உலகினர்க்கு விளக்கினார். அவ்வடிவத்தைச் சற்றே நின்று நோக்குக. ஒரு கையிலே துடி ஒலிக்கின்றது, ஒரு கையிலே தீ எரிகின்றது, விரிசடை பறக்கின்றது, ஒரு திருவடி தூக்கியது. இத்துணை அசைவுக்கும் நடுவே திருமுகம் மட்டும் சலனமின்றி இருக்கின்றது. பொலநறுவைச் சிவாலயங்களில் அகழ்ந்தெடுத்துக் கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பெற்ற நடராச படிமங்களிலும் இதனைக் காணலாம். தொழிலை விட்டு ஓடுதல் அமைதியாகாது, தொழிலினூடே குலையாதிருத்தலே அமைதி என்னும் பாடத்தைச் சிற்பி வாய் திறவாமலே கற்பித்துவிட்டான்.

இப்பாடத்தை அன்றாட வாழ்விலும் கற்கலாம். துலா மிதித்து இறைத்த காலத்திலே மேலே நடப்பவனும் கீழே பட்டை பிடிப்பவனும் ஒரே தாளத்தில் இயங்கினர். தாளம் தவறினால் நீர் வாய்க்காலுக்கு வாராது. இன்று நீரிறைக்கும் இயந்திரம் அவ்வேலையை எளிதாக்கிற்று, நன்றே. ஆயினும் அந்திவேளையில் விளக்கேற்றும் கையும், ஓலை கிழித்துப் பெட்டி இழைக்கும் விரலும், வைகறையிற் கோலமிடும் பெண்ணின் நோக்கும் இன்னும் நம்மிடையே உண்டு. செய்வதிலேயே மனம் தங்குமாயின் அவை யாவும் வழிபாடே.

இவற்றை இழந்தால் என் என்று வினவுவார்க்கு நம் அண்மைக்கால வரலாறு விடை கூறும். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏடுகளும் சாம்பராயின. 1995ஆம் ஆண்டு ஐப்பசியிலே வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தனர். கையிலிருந்த நூல் போயிற்று. கோயில் வாசலும் தொலைவாயிற்று. செவிவழி நெஞ்சிற் புகுந்த செய்யுள் மட்டும் அகதியோடு நடந்தது. எரிந்த ஏட்டிற்கு இஃது ஈடாகாது. ஆனால் துன்பம் வந்துழி ஒருவர் மனத்தை நிறுத்தப் பற்றிக்கொள்வது அலமாரியிலுள்ள நூலையன்று, உள்ளத்திலுள்ள நூலையே.

அவ்வுள்ளத்து நூல் தானே அடுத்த தலைமுறைக்குச் செல்லாது. புராண படனம் இன்றும் சில கோயில்களில் நடைபெறுகின்றது. வாசிப்பார் பலர் நரைமூப்பெய்தியவர். அவர்க்குப்பின் பீடத்தின் முன் அமர்பவர் யார்? நம் மாணவரோ புள்ளிகளுக்காகச் செய்யுளைக் கற்றுப் பரீட்சை மண்டபத்து வாயிலிலேயே அதனை விட்டு வருகின்றனர். பாடநூல் கேட்டலோடு நின்றுவிட, மற்றை மூன்று படிகளும் ஏறுவாரின்றிக் கிடக்கின்றன.

ஆசிரியர்களும் மாணவ அன்பர்களும் ஒன்று செய்யலாம். நாளுக்கு ஒரு செய்யுள் போதும். அதனை வாய்விட்டுப் படிக்க. சந்தி பிரித்து மீண்டும் படிக்க. அதன் பொருளை வீட்டிலுள்ள ஒருவர்க்குச் சொந்தச் சொல்லாற் சொல்லுக. அம்மாவுக்காயினும் அப்புவுக்காயினும் சொல்லுக. பின்னர்ப் புத்தகத்தை மூடிவைத்துச் சிறிது நேரம் வாளாவிருக்க. முதல் நாள்களில் அந்நேரத்திலே ஆயிரம் நினைவுகள் வந்து மொய்க்கும். அதற்கு அஞ்சற்க, மறுநாளும் அமர்க. செய்யுள் நாவிலிருந்து நெஞ்சுக்கு இறங்கச் சில காலம் எடுக்கும். இறங்கியபின், சும்மா இருத்தல் என்பதன் இரண்டாம் பொருள் அகராதியின் உதவியின்றியே விளங்கத் தொடங்கும்.