அபிமானிகள் கூட்டும் ஹாலோவீன் மாநாடு

அக்டோபர் 31-ஆம் தேதி இரவில் மேல்நாட்டார், விசேஷமாக அமெரிக்கர், கொண்டாடும் ஹாலோவீன் என்னும் பண்டிகை, நம் நாட்டுக் கத்தோலிக்கரும் நவம்பர் 1-ஆம் தேதி அனுசரிக்கிற சகல புனிதர் திருநாளுக்கு முந்திய இரவே ஆகும். அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டுபோன பழைய வழக்கங்கள் பல அதனோடு கலந்து, பரங்கிக்காயைக் குடைந்து உள்ளே விளக்கேற்றுவதும், குழந்தைகள் பேய்வேஷம் பூண்டு வீடு வீடாகச் சென்று மிட்டாய் கேட்பதுமாக, இன்று அது சமயச் சடங்கென்பது போய் ஊரே கூடிக் களிக்கும் கேளிக்கையாக மாறிவிட்டது. இந்த இரவைக் களமாக வைத்து ஜான் கார்ப்பென்டர் 1978-இல் எடுத்த 'ஹாலோவீன்' என்ற பயங்கரப் படம் வெளிவந்து 25 ஆண்டுகள் நிறைந்தபோது, 2003 அக்டோபர் இறுதியில், கலிபோர்னியாவின் பாசடினா நகரில் அதன் அபிமானிகள் ஒரு மாநாடு கூட்டினார்கள். ரசிகர்கள் தாமாகவே முன்வந்து இப்படியொரு மாநாட்டை நடத்துவதென்றால் அதற்கு எத்தனை பிரயாசை வேண்டும் என்பதை நம் வாசகர்கள் அறிவது நன்று.

பாசடினாவை அவர்கள் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கதை நடப்பதாகச் சொல்லப்படும் ஹாடன்பீல்டு, இல்லினாய் மாகாணத்தில் இருப்பதாகக் கற்பித்த ஊர். கதையை எழுதியவர்களுள் ஒருவரான டெப்ரா ஹில் பிறந்த ஊரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். படம் பிடித்ததோ பாசடினாவை அடுத்த தெற்குப் பாசடினாவிலும் ஹாலிவுட்டிலும். கையில் இருந்த முதல் மூன்று லட்சத்துச் சொச்சம் டாலர்தான். காலமோ இலையுதிர்காலம் அன்று, வசந்தம். ஆகையால் இலைகளுக்குச் சாயம் பூசித் தெருவில் தூவி, ஒரு காட்சி முடிந்தவுடன் அவற்றையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து அடுத்த தெருவுக்கு எடுத்துச் சென்றார்கள். கொலைகாரன் அணிந்த முகமூடி, கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாகக் கிடைத்த, 'ஸ்டார் டிரெக்' தொடரின் காப்டன் கிர்க்கினுடைய முகம். அதற்கு வெள்ளைச் சாயம் அடித்து, கண்துளைகளைப் பெரிதாக்கி, புருவத்தை நீக்கியவர் டாமி லீ வாலஸ் என்பவர். அதை அணிந்து நடந்த நிக் காஸில், கார்ப்பென்டரின் கல்லூரித் தோழர். தினக்கூலி 25 டாலர். அந்தக் கொலைகாரனின் வீடாகக் காட்டப்பட்ட பழைய மரவீடு இடிபட இருந்ததைத் தடுத்து, பிற்பாடு வேறிடத்துக்குப் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். இவ்வளவும் அபிமானிகளுக்கு மனப்பாடம். ஆகவே அவர்களுக்குப் பாசடினா க்ஷேத்திரமாயிற்று.

இத்தகைய கூட்டங்களுக்கு வமிசாவளி உண்டு. விஞ்ஞானக் கதை வாசகர்கள் 1939-இல் நியூயார்க்கில் தங்கள் முதல் உலக மாநாட்டை நடத்தியபோது, பாரஸ்ட் ஆக்கர்மன் என்ற வாலிபர், தம் தோழி மர்ட்டில் டக்ளஸ் தைத்துத் தந்த எதிர்கால உடையில் வந்து நின்றார். மாநாட்டுக்கு வேஷம் தரித்து வரும் வழக்கம் அதிலிருந்து பரவியது. உலக மாநாடு இன்றளவும் சம்பளமில்லாத தொண்டர்களாலேயே நடக்கிறது.

மாநாடு என்றதும் மேடையும் விளக்கும் நினைவுக்கு வரலாம். ஆனால் அது தொடங்குவது ஹோட்டல்காரரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில். ஓராண்டுக்கு முன்பாகவே, சில சமயம் அதற்கும் முன்பாகவே, இந்த மூன்று இரவுகளுக்கு இத்தனை அறைகளை எங்கள் விருந்தினர் எடுத்துக்கொள்வார்கள் என்று அமைப்பாளர்கள் எழுதிக் கொடுக்க, அதற்குக் கைம்மாறாக ஹோட்டல்காரர் கூட்ட மண்டபங்களைக் குறைந்த வாடகைக்கோ வாடகையின்றியோ விடுகிறார். சொன்ன அறைகள் நிரம்பாமற் போனால், காலியாய்க் கிடந்த அறைகளுக்கும் பணம் கட்ட வேண்டியவர்கள் அமைப்பாளர்களே. முன்பதிவுக் கட்டணம் மெல்ல மெல்ல வந்து சேர, முன்பணமோ உடனே கேட்கப்படுவதால், இடைக்காலத்தில் குழுவினர் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துப் போடுவதும் உண்டு. ஹாலோவீனுக்கென்றே வேறொரு சங்கடமும் இருக்கிறது: பயங்கரப் பட நடிகர்களை அக்டோபரில் எல்லா ஊர்களும் அழைக்கின்றன, அவர்களுக்குக் கையெழுத்து வசூல் இவ்வளவுக்குக் குறையாது என்று உறுதி கூறி, குறைந்தால் மீதியைத் தாமே கொடுப்பதாக ஒப்புக்கொண்டால்தான் சிலர் வர இசைவார்கள். படத்தைத் திரையிட வேண்டுமானால், அதன் பதிப்புரிமை காலாவதியாகாதிருக்கும் வரை, உரிமையாளரின் அனுமதி பெற்றாக வேண்டும்.

பயமுறுத்துவதையே நோக்கமாகக் கொண்ட விழாவில் உண்மையான ஆபத்து நேராமல் காப்பது பெரிய பொறுப்பு. புகைக் கருவியை இயக்கினால் கட்டடத்தின் தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும்; இருட்டறைக்குத் தொங்கவிடும் கறுப்புத் திரைகள் எளிதில் தீப்பற்றாத துணியாக இருக்க வேண்டும்; வெளியேறும் வாயிலை எந்தச் சவப்பெட்டியும் மறைக்கலாகாது. தீயணைப்பு அதிகாரி பார்த்து ஒப்பினாலன்றிக் கதவைத் திறக்க முடியாது. வாசலிலே நிற்கும் தொண்டர், வருபவரின் கத்தியையும் கோடரியையும் வாங்கி, நிஜ இரும்பா, ரப்பரா என்று தடவிப் பார்த்து, வாளாயின் உறையோடு சேர்த்துப் பிளாஸ்டிக் நாடாவால் கட்டி விடுகிறார். முகமூடிக்காரரைச் சற்று அதைத் தூக்கச் சொல்லி, அனுமதி அட்டைக்குரிய ஆள்தானா என்றும் பார்க்கிறார். தேர் ஓடும்போது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவரை யாரும் கவனிப்பதில்லை. அவர் கை தவறினால் என்ன ஆகும் என்பது ஊருக்குத் தெரியும். இந்தத் தொண்டரும் அப்படிப்பட்டவரே.

விதிகள் எல்லாம் அனுபவத்தில் பிறந்தவை. 1972-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கூடிய உலக மாநாட்டின் மாறுவேடப் போட்டிக்கு ஓர் இளம் ஓவியர், உடம்பெல்லாம் வேர்க்கடலை வெண்ணெயைப் பூசிக்கொண்டு வந்தார். விளக்குகளின் சூட்டில் அது இளகி நாற்றமெடுத்தது. அவர் உரசிய இடமெல்லாம், அருகில் நின்றவர்கள் மாதக்கணக்கில் தைத்த உடைகள் உட்பட, கறையாயின. அதுமுதல், வேர்க்கடலை வெண்ணெய் வேஷம் கூடாது என்பது போட்டிகளின் விதிகளுள் ஒன்றாயிற்று. பிறருடைய உழைப்பைக் கெடுக்கக்கூடிய எந்த வேஷமும் வேண்டாம் என்பதே அதன் கருத்து. ரத்தம் போன்ற சாயம் சொட்டச் சொட்டப் பலர் வரும் ஹாலோவீன் விழாவில் இதைவிட அவசியமான விதி இருக்க முடியாது.

இத்தனைக்கும் பிரதிபலன் என்ன என்று கேட்கலாம். லாபம் அரிது, நஷ்டம் வராமல் முடிந்தாலே திருப்தி. தொழில் ஸ்தாபனங்கள் நடத்தும் பெரிய கண்காட்சிகள் இப்போது பெருகிவிட்டன. அவற்றில் வசதியும் ஒழுங்கும் மிகுதி என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவை அழைப்பது டிக்கெட்டை விற்றுக் கொடுக்கும் நட்சத்திரங்களை. அபிமானிகளோ, முகமூடிக்குச் சாயம் அடித்தவர் யார், அதை அணிந்து நடந்தவர் யார், இலையைப் பொறுக்கியவர்கள் யார் என்று தேடுகிறவர்கள். பாசடினாவில் கூடிய கலைஞர்கள் மேடையில் பேசியவை பதிவாகி, 2006-இல் வெளிவந்த 'ஹாலோவீன்: 25 இயர்ஸ் ஆஃப் டெரர்' என்ற ஆவணப்படத்தின் குறுந்தகட்டில் இடம்பெற்றன. படத்தின் கடைசியில் சிறிய எழுத்தில் ஓடி மறையும் பெயர்களுக்கு இவர்கள் செய்யும் மரியாதையை வேறு எவரும் செய்வதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, சிரமம் எத்தனை இருந்தாலும், அபிமானிகள் தங்கள் மாநாட்டைத் தொழில்காரர் கையில் ஒப்படைத்துவிடலாகாது.