தண்ணிக்கு ஜாதகம் பார்த்தாச்சா?

“மேனேஜர் போயிட்டார்டா!”

காலை பதினொரு மணிக்கு ஆபீஸுக்கு போன். ரூம்மேட்டின் குரல் தழுதழுத்தது.

“அப்படியா! எந்த பிராஞ்சுக்கு?” என்று சந்தோஷமாகக் கேட்டுவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது... போனது எங்கள் ரூம் மீன்!

முழித்த கண்ணோடு நாள் பூரா வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்ததால் அந்தத் தங்க மீனுக்கு அப்படியொரு பட்டப்பெயர். கொளத்தூர் கலர் மீன் கடைகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரா அலைந்து வாங்கி வந்தது. ஆறே நாள்! கலர் கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, மூன்று வேளை சாப்பாடு, கண்ணாடி மாதிரி தண்ணீர்... என்ன குறை வைத்தோம்?

குறையே அந்தக் ‘கண்ணாடி மாதிரி தண்ணீரில்’தான்.

மீனுக்கு பெட்ரூம், டைனிங் ஹால், பாத்ரூம் எல்லாம் ஒரே தொட்டி. அதன் கழிவிலிருந்தும், அது தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா சேரும். கண்ணுக்குத் தெரியாத விஷம். இதைச் சுத்தம் பண்ண பாக்டீரியாக்கள் இரண்டு ஷிப்ட் பார்க்கின்றன. முதல் ஷிப்ட், அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இரண்டாவது ஷிப்ட், நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட் ஆக்கும். புதுத் தொட்டியில் இந்த ஊழியர்கள் வேலைக்குச் சேர்ந்து, முழு பலத்துக்கு வர நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நாமோ முதல் நாளே மீனை இறக்கிவிடுகிறோம்!

நைட்ரைட் ரத்தத்தில் கலந்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ரத்தம் பழுப்பாகிவிடும். மீன் மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கும். எங்கள் மேனேஜரும் கடைசி இரண்டு நாள் மேலேயே வந்து வாயைத் திறந்தார். “பாவம், பசிடா” என்று இன்னும் நாலு உருண்டை போட்டோம். விஷத்தை ஏற்றியதே நாங்கள்தான் என்று தெரிந்தபோது, அன்று ராத்திரி இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம். தங்க மீனுக்கு நாலு போதும்:

* அம்மோனியா - பூஜ்யம்.
* நைட்ரைட் - பூஜ்யம்.
* நைட்ரேட் - 40 பி.பி.எம்-மைத் தாண்டக் கூடாது.
* பி.ஹெச். - 7-லிருந்து 8-க்குள். பி.ஹெச்சும் வெயிலும் ஏற ஏற, அதே அம்மோனியா இன்னும் கொடிய விஷமாகும்.

மீன் கடையிலேயே டெஸ்ட் கிட் கிடைக்கும். குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, சொன்ன அளவு சொட்டு விட்டு, சொன்ன நிமிஷம் காத்திருந்து, கலரை அட்டையோடு ஒப்பிட வேண்டியதுதான். பட்டை வடிவில் வருவது சுலபம். ஆனால் பலவற்றில் அம்மோனியா டெஸ்ட் இருக்காது. பார்த்து வாங்குங்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ‘ஆன்ட்டி குளோரின்’ சொட்டு விடாமல் ஊற்றாதீர்கள். “நம்ம மீனுக்கு கேன் வாட்டர்!” என்று ராஜ உபசாரமும் வேண்டாம். உப்பெல்லாம் நீக்கிய தண்ணீரில் பி.ஹெச். திடீரென்று சரியும்.

இரண்டாம் தடவை நாங்கள் அவசரப்படவில்லை. வெறும் தொட்டியில் ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டோம். “மீன் எங்கே சார்?” என்று பக்கத்து ரூமில் சிரித்தார்கள். அம்மோனியா ஏறி இறங்கியது. பின்னாலேயே நைட்ரைட் ஏறி இறங்கியது. தீனி போட்டும் இரண்டும் பூஜ்யத்திலேயே நின்று, நைட்ரேட் தலைகாட்டிய பிறகுதான் கொளத்தூருக்கு பஸ் ஏறினோம்.

அவசரப்பட்டு ஏற்கெனவே மீனை வாங்கிவிட்டீர்களா? தினமும் டெஸ்ட் பண்ணுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் அன்றைக்கே கால்வாசியிலிருந்து பாதித் தண்ணீர் வரை மாற்றுங்கள். தீனியைக் குறையுங்கள்.

புது மேனேஜர் வந்து எட்டு மாதம் ஆகிறது. வாரா வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுகிறோம். ஆள் நன்றாகப் பெருத்துவிட்டார். எங்கேயும் போகிற மாதிரி தெரியவில்லை.

ஆபீஸ் மேனேஜரும்தான்!