கையுறைக்குள் ஒரு கலகக்காரி: ரோக் உருவான கதை

உதட்டில் கருஞ்சாயம். இமையில் ஊதா. கழுத்திலிருந்து கால்வரை பெரும்பாலும் கறுப்பு. முன்நெற்றியில் மட்டும் ரெண்டு கற்றை, பளீர் வெள்ளை! பள்ளிக்கூட நடைவழியில் யாராவது சிரித்து வணக்கம் வைத்தால், பதிலுக்கு ஒரு முறைப்பு மட்டும் கிடைக்கும். 'எக்ஸ்-மென்: எவல்யூஷன்' கார்ட்டூன் தொடரின் ரோக் இவள்தான். சூப்பர்ஹீரோ கூட்டத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பிடிவாதக்காரி!

இன்றைக்கு அவள் சண்டை போடுவதைப் பார்க்கப் போவதில்லை. அவளை வரைந்த மேஜைக்குப் பக்கத்தில், அவள் குரல் பதிவான மைக்குக்குப் பக்கத்தில் போய் நிற்கப் போகிறோம். அந்தக் கறுப்பு உடை வெறும் ஃபேஷன் என்று நினைத்தவர்கள் கொஞ்சம் உட்காருங்கள். அந்தக் கறுப்புக்குள் முழுக் கதையே இருக்கிறது!

பறந்தவளைத் தரையிறக்கிய துணிச்சல்

1981-இல் 'அவெஞ்சர்ஸ்' காமிக்ஸின் பத்தாவது ஆண்டு மலரில் ரோக் முதல்முதலாகத் தலைகாட்டினாள். படைத்தவர்கள் எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட், ஓவியர் மைக்கேல் கோல்டன். வந்தது நாயகியாக அல்ல, வில்லியாக! அவள் தோல் யார் மேல் பட்டாலும் அவர்களுடைய சக்தியும் நினைவும் அவளுக்குள் இறங்கிவிடும். பட்டவர் சுருண்டு விழுவார். அப்படி மிஸ் மார்வெல் என்ற நாயகியிடமிருந்து பறித்த பறக்கும் ஆற்றலும் அசுர பலமும் அவளிடமே தங்கிப்போயின. 1983-இல்தான் மனம் மாறி எக்ஸ்-மென் நாயகர் அணியின் வாசல்படி ஏறினாள். 1992-இல் தொடங்கிய எக்ஸ்-மென் கார்ட்டூனில் இந்த வளர்ந்த ரோக் வானத்தில் பறந்தாள், சுவரை உடைத்தாள், வாய் ஓயாமல் கிண்டலடித்தாள்.

மார்வெலும் ஃபிலிம் ரோமன் நிறுவனமும் புதுத் தொடருக்கு உட்கார்ந்தபோது எடுத்த முடிவைப் பாருங்கள். நாயகர்கள் பெரும்பாலோர் பள்ளிக்கூடப் பிள்ளைகள்! 2000 ஜூலையில் வெளியான எக்ஸ்-மென் திரைப்படத்தில் அன்னா பாக்வின் நடித்த ரோக், தன் சக்தியைக் கண்டு தானே நடுங்கும் இளம்பெண்ணாக வந்திருந்தாள். அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி அமெரிக்கத் தொலைக்காட்சியின் கிட்ஸ் டபிள்யூபி பகுதியில் தொடங்கிய கார்ட்டூனும் அதே வழியில் போனது. பறப்பதும் போச்சு, பலமும் போச்சு. மிஞ்சியது தொட்டால் பறிக்கும் அந்த ஒரே ஒரு சக்தி. அடுத்தவரைத் தொட்டால்தான் அவளுக்குப் பலம். தொட்டால் அடுத்தவருக்கு ஆபத்து. ஒரு பதின்ம வயதுப் பெண்ணின் தோள்மேல் இதைவிடக் கனமான எதை வைக்க முடியும்?

மாடல் ஷீட்டை எட்டிப் பார்ப்போமா?

இந்தத் தொடரின் பாத்திரங்களுக்கு உருவம் கொடுத்தவர் ஸ்டீவன் ஈ. கோர்டன். கார்ட்டூன் வேலையில் மாடல் ஷீட் என்று ஒரு தாள் உண்டு. முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், கோபம், சிரிப்பு என்று ஒரே பாத்திரத்தை எல்லாக் கோணத்திலும் வரைந்து வைப்பார்கள். எங்கோ ஒரு ஸ்டுடியோவில் நூறு பேர் வரைந்தாலும் ஒரே ஆளாகத் தெரிய வேண்டும் இல்லையா? அதற்குத்தான்.

ரோக்கின் உடையைக் கவனியுங்கள். கறுப்பு மேலாடை, குட்டைப் பாவாடை, காலை முழுக்க மூடும் காலுறை, கனத்த பூட்ஸ், கையுறை. அதற்கு மேல் பச்சையில் ஒரு சல்லடைச் சட்டை. நெசவூரான ஆர்.கே.பேட்டையின் தறிச் சத்தத்தில் வளர்ந்த கண்ணுக்கு அந்தச் சட்டை சட்டென்று பிடிபடும். பாவையும் ஊடையையும் நெருக்காமல் விட்டால் துணி உடம்பை மூடவும் செய்யும், காட்டவும் செய்யும். ரோக்கின் நிலைமையும் அதுதானே! கை தெரிகிறது, ஆனால் அந்தக் கையைத் தொட முடியாது. எல்லோரையும் போல இருக்க ஆசை. எல்லோரிடமிருந்தும் ஒரு நூல் தள்ளியே நிற்க வேண்டிய கட்டாயம்.

கோத் என்ற இந்தக் கறுப்பு அலங்காரம் 1970-களின் கடைசியில் பிரிட்டனில் இசைக்குழுக்களைச் சுற்றிக் கிளம்பியது. பாடகி சூக்ஸி சூவின் கண்மையும், 1982-இல் லண்டனில் திறந்த பேட்கேவ் கிளப்பின் கூட்டமும் அதை உலகத்துக்குக் காட்டின. அங்கே அது ஒரு தலைமுறை தானாக விரும்பிப் பூண்ட கோலம். ரோக்குக்கோ அது தேவை! அவள் முதன்முதலாகத் தோன்றும், தொடரின் மூன்றாவது அத்தியாயத்தில், தன் தோல் ரொம்பவும் மென்மையானது, எதுவும் படக்கூடாது என்று நம்பித்தான் உடம்பை மூடிக்கொள்கிறாள். ஊர்ப் பையன் கோடியைத் தற்செயலாகத் தொட்டதும் அவன் மயங்கி விழுகிறான். அவன் நினைவுகள் இவள் தலைக்குள் புகுந்து கூச்சலிடுகின்றன. உடையின் உண்மையான காரணம் அவளுக்கும் நமக்கும் ஒரே நொடியில் தெரிகிறது. எழுதியவர்களுக்கு ஒரு பெரிய கைதட்டல்!

அந்த வெள்ளைக் கற்றையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்துதான் கண்முன் வருகிறது. பாஞ்சாலி மேடைக்கு வந்து ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே, அவிழ்ந்து கிடக்கும் கூந்தல் அவள் கோபத்தைச் சொல்லிவிடும். படுகளத்தில் துரியோதனன் விழும்வரை அதை முடிய மாட்டாள். கடைசி வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் அது புரியும். ரோக்கின் தலையும் அதே வேலையைத்தான் செய்கிறது!

கறுப்பை வரைவது சும்மா இல்லை!

இப்போது ஒரு தொழில் ரகசியம். அனிமேஷனில் முழுக் கறுப்பு ஒரு தலைவலி. உருவத்தின் கோடும் கறுப்பு, உடையும் கறுப்பு என்றால் கை எங்கே முடிகிறது, இடுப்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. இரவுக் காட்சி என்றால் ஆளே காணாமல் போவாள்! அதனால் கறுப்பு என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதியைக் கரும்சாம்பலாகவோ கருநீலமாகவோ தீட்டுவது வழக்கம். நிழல் விழும் இடத்துக்குத்தான் அசல் கறுப்பு. வெளிறிய முகமும் வெள்ளை முடியும் சேர்ந்தால் தூரத்துக் காட்சியிலும் அவள் தனியாகத் தெரிவாள்.

உதட்டுச் சாயமும் கூடுதல் வேலைதான். சாதாரண கார்ட்டூன் வாய்க்கு ஒரு கோடு போதும். சாயம் பூசிய உதடு என்றால் ஒவ்வொரு அசைவுக்கும் மேலுதடு, கீழுதடு என்று இரண்டு வடிவம் வரைந்து நிறம் நிரப்ப வேண்டும். அவள் ஒரு வரி பேசி முடிப்பதற்குள் வரைபவருக்குக் கை வலித்துவிடும். அத்தனை பாடும் பட்டு அந்தக் கருஞ்சாயத்தை, 52 அத்தியாயத் தொடர் முடியும்வரை காப்பாற்றினார்களே!

முதலில் குரல், பிறகுதான் படம்

நம் ஊரில் டப்பிங் என்றால் படத்தைப் பார்த்துப் பேசுவது. அமெரிக்கக் கார்ட்டூனில் பெரும்பாலும் தலைகீழ். முதலில் குரல் பதிவு. அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப வாயும் புருவமும் வரையப்படும். ரோக்குக்குக் குரல் கொடுத்தவர் மீகன் பிளாக். பதிவு நடந்தது கனடாவின் வான்கூவரில். பாத்திரமோ அமெரிக்கத் தெற்கின் மிசிசிப்பிக்காரி! அந்தத் தெற்கத்திய இழுவையை வைத்துக்கொண்டே, சலிப்பும் காயமும் கலந்த தாழ்ந்த தொனியில் மீகன் பேசியிருக்கிறார். பழைய ரோக்கின் கலகலப்பை அவர் நகலெடுக்கவே இல்லை.

மூன்றாம் சீசனில் அவள் இதுவரை பறித்து உள்ளே வைத்திருந்த ஆளுமைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே பாயும் ஒரு அத்தியாயம் வருகிறது. எழுதியவர், பேசியவர், வரைந்தவர் மூவரும் முழு மூச்சோடு இறங்கியிருக்கிறார்கள். பார்க்கும்போது மூச்சுவிட மறந்துவிடுவீர்கள்!

அவளைத் திருத்தாமல் விட்டார்களே, அதுதான் அழகு

பல தொடர்களில் முரட்டுப் பெண் வந்தால் மூன்றாவது வாரமே பூப்போட்ட சட்டை மாட்டிச் சிரிக்க வைத்துவிடுவார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. மிஸ்டிக் என்ற உருமாறும் வில்லி, எக்ஸ்-மென் ஆட்களின் வேடத்தில் வந்து பயமுறுத்தியதால் ரோக் முதலில் எதிரணியான பிரதர்ஹுட்டில்தான் சேர்கிறாள். ஏமாற்றம் தெரிந்து முதல் சீசன் முடிவதற்குள் அணி மாறுகிறாள். மாறிய பிறகும் உடை மாறவில்லை, முறைப்பும் மாறவில்லை! அவளோடு அறையைப் பகிர்பவளோ சிரிப்பும் கும்மாளமுமான கிட்டி. ஒரே அறையில் ரெண்டு பேரையும் பூட்டி வைத்த எழுத்தாளர்களின் குறும்பை என்ன சொல்ல!

ரிஸ்டி என்று ஒரு உயிர்த்தோழி கிடைக்கிறாள். ஊதா முடி, நல்ல பேச்சு. அவளும் மிஸ்டிக் போட்ட வேடம்தான்! போதாததற்கு, சின்ன வயதிலேயே ரோக்கைத் தத்தெடுத்ததும் அதே மிஸ்டிக்தான் என்பது வெளியே வருகிறது. பிறகு ஒருநாள் கல்லாகிப்போன மிஸ்டிக்கை ரோக் மலையுச்சியிலிருந்து தள்ளியே விடுகிறாள். குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூனில்! அந்தக் கோபத்தை மழுப்பாமல் காட்டியதற்காகவே இந்தக் குழுவைக் கொண்டாடுவேன்.

ரோக் திறந்த கதவு வழியே இன்னும் சிலர் வந்தார்கள். இதே தொடரின் இரண்டாம் சீசனில் கறுப்பும் சிவப்புமாக வான்டா வந்து நின்றாள். 2003-இல் எக்ஸ்-23 என்ற பெண் இந்தக் கார்ட்டூனில் முதலில் பிறந்து, அதன் பிறகு காமிக்ஸுக்குள் போனாள். அதே ஆண்டு ஜூலையில் 'டீன் டைட்டன்ஸ்' கார்ட்டூன் தொடங்கி, டாரா ஸ்ட்ராங்கின் குரலில் ரேவன் பேச ஆரம்பித்தாள். உணர்ச்சி பொங்கினால் சக்தி கட்டுமீறிவிடும் என்பதால் போர்வைக்குள் ஒடுங்கி நிற்பவள் அவள். அவள் இருட்டுக்கும் காரணம் இருக்கிறது!

திருவனந்தபுரத்துக்கு ஒரு சலாம்

இப்போது நான் துள்ளிக் குதித்த செய்தி! ரோக்கின் அடுத்த கார்ட்டூன் பயணத்தில் நம் பக்கத்து ஊரின் பங்கும் உண்டு. 2009-இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான 26 அத்தியாயத் தொடர் 'வுல்வரின் அண்ட் தி எக்ஸ்-மென்'. அதன் இணைத் தயாரிப்பில் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இயங்கும் டூன்ஸ் நிறுவனம் இருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெனாலிராமன் கதைகளைக் கார்ட்டூனாகக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். அந்தத் தொடரிலும் ரோக் தொடக்கத்திலேயே கோபித்துக்கொண்டு பிரதர்ஹுட் பக்கம் போகிறாள். கேரளக் காற்று பட்டும் குணம் மாறவில்லை!

2003 அக்டோபரில் முடிந்த 'எவல்யூஷன்' தொடரின் இறுதி அத்தியாயத்தில், எக்ஸ்-மென் அணித் தலைவரான பேராசிரியர் எக்ஸ் எதிர்காலத்தைக் காண்கிறார். அதில் வளர்ந்த ரோக் பறக்கிறாள். கைகளில் கையுறை இல்லை! வசனம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. மூன்று ஆண்டுகளாகக் கையுறை வரைந்ததன் பலன் அந்த நொடியில் கிடைக்கிறது. உடையைக் காரணத்தோடு மாட்டிவிட்டவர்களால்தான் அதைக் காரணத்தோடு கழற்றவும் முடியும்.

அதனால் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் முறைக்கும் பெண்களை வரைந்துகொண்டிருக்கும் ஆர்.கே.பேட்டைத் தங்கச்சிகளே, வரைவதை நிறுத்தாதீர்கள்! தரமணி அரசு திரைப்படக் கல்லூரியில் அனிமேஷனுக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. கூத்து மேடையில் விடிய விடியக் கோபப்படும் பாஞ்சாலி உங்கள் ஊரிலேயே இருக்கிறாள். உங்கள் நாயகிக்கு என்ன நிறம் வேண்டுமானாலும் கொடுங்கள். ஏன் அந்த நிறம் என்று கேட்டால் ஒரு முழுக் கதை சொல்லத் தெரிந்திருக்கட்டும். முதல் அத்தியாயத்துக்கு முதல் வரிசையில் இடம் பிடித்துவிட்டேன்!