வேலைக்கு நடுவே மேல்படிப்பு: எதைப் படிப்பது?

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் வேலை என்றால், பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயிலேறுவது என்றுதான் ஒரு காலத்தில் அர்த்தம். இப்போது வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்திலேயே டைடல் நியோ பூங்கா வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் திறந்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு கூடத்து மூலையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் மருமகள்களும் மகள்களும் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள்.

பத்து வருஷம் வேலை பார்த்து, கல்யாணம் ஆகி, குழந்தையும் பிறந்த பிறகு இவர்களுக்கு ஒரு எண்ணம் வருகிறது: “மேலே ஒரு பட்டம் படித்தால் என்ன?” நல்ல எண்ணம்தான். ஆனால் அதற்குப் பணமும் வேண்டும், இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளும் வேண்டும். அதனால் சேருவதற்கு முன்னே வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

திண்டிவனத்தில் இருக்கும் என் அக்கா மகள் பி.எஸ்சி. கணக்குப் படித்தவள். ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. நாலு வயதுப் பிள்ளை. போன வருஷம் என்னிடம் வந்து, “சித்தி, எம்.பி.ஏ. சேரட்டுமா, எம்.சி.ஏ. சேரட்டுமா? கூட வேலை பாக்கறவங்க எல்லாம் எதையாவது படிக்கறாங்க” என்றாள். நான் பிளஸ் டூவோடு நின்றவள். எனக்கு அந்தப் படிப்பெல்லாம் என்ன தெரியும்? ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: “அந்தப் பட்டம் இல்லாததால உனக்கு எந்தக் கதவுடி சாத்தியிருக்கு?”

இரண்டு வாரம் வேலை விளம்பரங்களை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தாள். அவளுக்குத் தகுந்த பதவிகளில் பாதிக்கு மேல் ‘பி.இ. அல்லது எம்.சி.ஏ.’ என்று போட்டிருந்தது. அனுபவம் இருந்தும் விண்ணப்பமே உள்ளே போகவில்லை. சாத்தியிருந்த கதவு அதுதான். எம்.பி.ஏ. படித்திருந்தால் அது திறந்திருக்காது.

இப்படி ஒவ்வொருவருக்கும் கதவு வேறு. பி.எஸ்சி., பி.காம். படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு எம்.சி.ஏ. பயன்படும். முன்பு மூன்று வருஷமாக இருந்த அந்தப் படிப்பு 2020-21 முதல் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. பிளஸ் டூவிலோ கல்லூரியிலோ கணக்குப் பாடம் படித்திருக்கிறோமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பி.இ. முடித்தவருக்கு எம்.சி.ஏ.வால் புதிதாக வரப்போவது அநேகமாக ஒன்றுமில்லை. தொழில்நுட்பத்திலேயே ஆழமாகப் போக நினைத்தால் அவருக்கு எம்.டெக். பொருந்தும். வேலையில் இருந்துகொண்டே படிப்பவர்களுக்கென்று பிலானி பிட்ஸ் நிறுவனம் 1979 முதல் படிப்புகள் நடத்துகிறது. ஆட்களையும் வரவு செலவையும் நிர்வகிக்கும் பதவிதான் குறி என்றால் எம்.பி.ஏ. கலைக் கல்லூரியில் ஆசிரியை ஆக ஆசையா? வெறும் முதுகலை போதாது. 55 சதவீத மதிப்பெண் வேண்டும், அதன்மேல் நெட் அல்லது செட் தேர்விலும் தேற வேண்டும். எந்தக் கதவும் சாத்தியில்லை, புது வேலை ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும் என்றால், பட்டமே வேண்டாம். சின்னப் பயிற்சி போதும்.

பட்டம் எதுவென்று முடிவான பிறகு, அதைத் தருபவர் யார் என்று பாருங்கள். வீட்டிலிருந்தே படிக்க 1985-ல் தொடங்கிய இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. யாரிடம் சேர்ந்தாலும், அந்தப் படிப்புக்கு அந்த வருஷம் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி உண்டா என்று அதன் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தால் அந்தப் பட்டம் நேரில் போய்ப் படித்ததற்குச் சமம். இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் 2001 முதல் 2005 வரை அஞ்சல் வழியில் சேர்ந்து வாங்கிய பொறியியல் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் செல்லாது என்றே ஆயிற்று. பல வருஷம் வேலை பார்த்துப் பதவி உயர்வும் வாங்கியவர்கள் ஒரே நாளில் கலங்கிப் போனார்கள். “எல்லாம் செல்லும் மேடம்” என்று போனில் யாரோ சொல்வதை நம்பிப் பணம் கட்டக் கூடாது என்பது இதனால்தான்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டணம் சில ஆயிரத்திலும் உண்டு, பல லட்சத்திலும் உண்டு. நகையை அடகு வைக்கும் முன் வங்கியில் கல்விக் கடன் கேட்டுப் பாருங்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்த வட்டிக்கு எட்டு வருஷம் வரை வரிக் கழிவு கிடைக்கும். தவிர, கம்பெனியே கட்டணத்தில் ஒரு பங்கு கொடுக்குமா என்றும் கேட்கலாம். கேட்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சேருவதற்கு முன் ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடம் ஒன்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். பாடம் கேட்கக் காசில்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். பெரும்பாலும் எட்டு அல்லது பன்னிரண்டு வாரம். அந்தப் பன்னிரண்டு வாரத்தை ஓட்ட முடிந்தால் இரண்டு வருஷத்தையும் ஓட்டலாம். என் அக்கா மகள் அப்படித்தான் செய்தாள். அதற்குள்ளேயே வீட்டின் நடைமுறையும் தெரிந்துவிட்டது. இரவு ஏழிலிருந்து ஒன்பது வரை பிள்ளை அப்பாவின் பொறுப்பு, ஞாயிறு சமையல் மாமியார் பொறுப்பு என்று பேசி வைத்துக்கொண்ட பிறகுதான் எம்.சி.ஏ.வுக்கு மனுப் போட்டாள். இப்போது முதல் வருஷம் நடக்கிறது.

நம்மில் பலர் படிக்கப் போவதில்லை. படிக்கும் பெண்ணின் தாயாராகவோ மாமியாராகவோ அண்ணியாகவோ இருக்கப் போகிறோம். “இந்த வயசுல எதுக்கு?” என்று கேட்காமல், “எதுக்காக?” என்று கேளுங்கள். அவளிடம் தெளிவான பதில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை அடுப்படியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் கட்டக் கடன் கிடைக்கும். படிக்க நேரம் மட்டும் வீட்டு மனுஷர்கள்தான் கொடுக்க முடியும்.