சோளன் இலை கருகினால்: மருந்துக்கு முன் அறிய வேண்டியவை

மாரி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில் படுவான்கரைக் கிராமமொன்றுக்குச் சென்றிருந்தோம். மீளக் குடியமர்ந்த குடும்பத்துத் தாய் ஒருவர் தம் சோளன் தோட்டத்திலிருந்து ஓர் இலையைக் கிள்ளி வந்து எம் கையில் தந்தார். "சுவாமி, காதுத் தோட்ட அடகு வெச்சுத்தான் விதை வாங்கின நாங்க. இதுக்கு என்ன மருந்து அடிக்கிற?" என்று கேட்டார். இலை முழுவதும் கபில நிறக் கீறல்கள். இதே கேள்வி வேறு பல தோட்டங்களிலும் எழக்கூடும் என்பதால் அதற்கான பதிலை இங்கு சற்று விரிவாகத் தருகிறோம்.

நோயை இனங்காணல்

இலையில் துளைகளும், குருத்தில் மரத்தூள் போன்ற எச்சமும் இருந்தால் அது புழுவின் வேலை. 2018ஆம் ஆண்டில் இலங்கைக்குள் வந்த படைப்புழு இவ்வகையினது. அடியிலைகள் நுனியிலிருந்து நடுநரம்பு வழியே மஞ்சளாகினால் அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவாகும். துளை எதுவுமின்றி, நரம்புகளுக்கிடையே நீளவாக்கில் சிறு கபிலப் புள்ளிகள் தோன்றி, அவை ஒன்றோடொன்று சேர்ந்து இலை காய்ந்தால் அது பங்கசினால் வரும் இலைக்கருகல் நோய். இதில் இருவகை உண்டு. ஒன்றில் புள்ளிகள் ஓர் அங்குலத்துக்கு மேல் நீள்வது அரிது. அது வெப்பமும் ஈரமும் சேர்ந்த எமது தாழ்நிலத்துக்கு ஏற்றது. மற்றையதில் சுருட்டு வடிவில் பல அங்குல நீளமான சாம்பல் நிறத் தழும்புகள் தோன்றும். அது குளிர்ச்சியான இடங்களை விரும்பும்.

பரவும் விதம்

சென்ற போகத்தில் வயலில் விட்ட சோளன் தட்டையிலும் சருகிலும் பங்கசு உயிரோடு கிடக்கிறது. மழை பெய்ததும் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வித்திகள் உண்டாகின்றன. காற்றும் மழைத் தெறிப்பும் அவற்றை இலைக்குக் கொண்டுசெல்கின்றன. இலை பல மணிநேரம் ஈரமாக இருந்தால் வித்தி முளைத்து உள்ளே புகும். சில நாட்களில் அப்புள்ளியிலிருந்தே புதிய வித்திகள் புறப்படும். எனவேதான் அடியிலையில் தொடங்கும் நோய், அடைமழைக் காலத்தில் மேலிலைவரை விரைவாக ஏறுகிறது.

கதிரை நிரப்புபவை பெரும்பாலும் கதிரருகிலும் அதற்கு மேலும் உள்ள இலைகளே. கதிர் மயிர் வெளிவருமுன் அவை கருகினால் விளைச்சல் பெரிதும் குறையும். மணி முற்றிய பின் கருகினால் நட்டம் சொற்பமே.

1970இல் கிடைத்த பாடம்

அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டு இந்நோய் நாட்டின் சோள விளைச்சலில் ஏறத்தாழ 15 வீதத்தை அழித்தது. அப்போது அங்கு விதைக்கப்பட்ட கலப்பின விதையில் சுமார் 85 வீதம் 'டெக்சாஸ்' எனப்பட்ட ஒரே தாய்வழியிலிருந்து வந்தது. அவ்வழிச் செடியின் பூவில் மகரந்தம் உண்டாகாது. ஆகவே விதைக் கம்பனிகளுக்குப் பூவைக் கையால் ஒடிக்கும் கூலி மிச்சமானது. ஆனால் அத்தாய்வழியையே தாக்கும் பங்கசு இனம் ஒன்று தோன்றியபோது, வயலுக்கு வயல் தடையின்றிப் பரவியது. பிலிப்பைன்சில் 1961இலேயே எச்சரிக்கை கிடைத்திருந்தும் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் கம்பனிகள் அவ்வழியைக் கைவிட்டன.

அந்தக் குறை இன்றைய விதைகளில் இருப்பதாக நாம் கூறவில்லை. நோயைத் தாங்கும் நல்ல கலப்பினங்களும் உண்டு. ஆனால் ஊர் முழுவதும் ஒரே விதையை நம்பியிருப்பது ஆபத்து என்ற பாடம் எமக்கும் உரியது. 1990இலும் 2007இலும் ஊரைவிட்டு எழும்பியபோது, அடுப்புக்கு மேல் புகையில் தொங்கிய விதைக் கதிர்களையும் பலர் விட்டுவந்தோம். வீடு திரும்பக் கிடைத்தது, விதை திரும்பவில்லை. இன்று ஒவ்வொரு போகமும் கடைப் பையையே எதிர்பார்க்கிறோம்.

செய்யக்கூடியவை

1. நோய்ப்பட்ட தட்டைகளை வயலில் விடாதீர்கள். மாட்டுக்குப் போடலாம், அல்லது நன்கு மக்கவிடலாம், ஆழ உழுது புதைக்கலாம்.

2. அதே துண்டில் தொடர்ந்து சோளன் போடாமல் கச்சான், பயறு, கௌபி என மாற்றுங்கள். இப்பங்கசு அவற்றைத் தாக்குவதில்லை.

3. நெருக்கி விதைக்காதீர்கள். வரிசைக்கு வரிசை 60 சென்ரிமீற்றரும் செடிக்குச் செடி 30 சென்ரிமீற்றரும் இருந்தால் காற்றோட்டத்தால் இலை விரைவில் காயும்.

4. பூச்சிமருந்து பங்கசைக் கொல்லாது. பங்கசுநாசினியும் கருகிய இலையைப் பச்சையாக்காது. மீதி இலைகளையே காக்கும். கதிர் வருமுன் நோய் மேலேறுவதைக் கண்டால், இலையுடன் உடனே விவசாயப் போதனாசிரியரிடம் செல்லுங்கள். கடைக்காரர் சொல்லுக்காகக் கடன்பட வேண்டாம்.

5. கலப்பின விதையின் மணியை மீண்டும் விதைத்தால் பயிர் ஒருசீராக வராது, விளைச்சலும் குறையும். விவசாயத் திணைக்களத்தின் பத்ரா, றுவன் போன்ற திறந்த மகரந்தச் சேர்க்கை இனங்களில் விதை எடுக்கலாம். வேறு சோளனிலிருந்து சுமார் 200 மீற்றர் தள்ளி விதைத்து, வயலின் நடுவிலுள்ள நோயற்ற பல செடிகளிலிருந்து கதிர் தெரியுங்கள்.

இவை ஒருவர் மட்டும் செய்து பயன் தருபவை அல்ல. அயல் வளவின் சருகிலிருந்தும் வித்தி பறந்து வரும். ஆகவே கமக்காரர் அமைப்பிலோ மாதர் சங்கத்திலோ கூடி, அறுவடை முடிந்ததும் எல்லோரும் தட்டை அகற்றும் ஒரு நாளைக் குறியுங்கள். சிறு துண்டு நிலம் ஒன்றைப் பொது விதைக்காக ஒதுக்குங்கள். அடுத்த போகத்தில் அந்தத் தாயின் தோடு அடகுக்குப் போகாதிருக்க, அதுவே நல்ல தொடக்கமாகும்.