கலைஞனின் அஞ்ஞாதவாசம்

பன்னிரண்டாண்டு வனவாசத்தை முடித்த பாண்டவர்கள், பதின்மூன்றாம் ஆண்டை எவர் கண்ணிலும் அகப்படாமல் கழிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டு விராட நகரம் புகுந்தபோது, காண்டீவத்தை வன்னி மரத்தில் ஒளித்துவைத்த அர்ச்சுனன், பிருகன்னளை என்ற பெயர் பூண்டு, விராட மன்னன் மகள் உத்தரைக்கு ஆடலும் பாடலும் கற்பிக்கும் ஆசிரியனாக அந்தப்புரத்தில் அமர்ந்தான். மழை வேண்டி விராட பருவம் படிக்கும் வழக்கமுள்ள நம் நாட்டில் இந்தக் கதையை அறியாதவர் சிலரே. கௌரவர் ஆநிரை கவர வந்த நாளில், ஓராண்டாக அடங்கிக் கிடந்த அந்த வில்லின் நாணொலி கேட்டதுமே வந்திருப்பவன் யார் என்று துரோணர் சொல்லிவிட்டார். உடையும் பெயரும் மாறினாலும் வித்தை மாறுவதில்லை. ஒருவனை அவனுடைய பழைய வித்தையே ஒருநாள் தேடிவந்து அடையாளம் காட்டிவிடும் என்பதே அக்கதையின் சாரம்.

இதிகாசத்தின் இந்தச் சம்பவம் நம் காலத்துச் சங்கீத உலகிலும் வெவ்வேறு வடிவங்களில் நிகழ்ந்திருக்கிறது. அதைப் பற்றிச் சிந்திக்க ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும்விடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி மதுரையிலிருந்து தென்காசிக்குச் செல்லும் சாலையில் அடுத்தடுத்து அமைந்த இவ்விரண்டு ஊர்களுள் ஒன்று, பாடியே பரமனை அடைந்த ஆண்டாளின் ஊர். மற்றொன்று, 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா நிறுவிய ராஜபாளையம் மில்லைத் தொடர்ந்து நூற்பாலைகளால் வளர்ந்த ஊர். ஒன்றில் ஆடிப்பூரத் தேரும் பங்குனிப் பூக்குழியும் ஆண்டுதோறும் மேடைகளை எழுப்புகின்றன. மற்றொன்றில் ஆலைச் சங்கு வாழ்க்கையின் நேரத்தை வகுக்கிறது. திருவிழா மேடையில் இரவெல்லாம் பாடிய குரல்களுள் எத்தனை, மேடை வாய்ப்புக் குறைந்த பிறகு ஆலையின் இரைச்சலுக்குள்ளும் கடைத்தெருவின் கணக்குப் புத்தகத்துக்குள்ளும் சென்று மறைந்தன என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. அப்படி மறைந்தவர்களிடம் நமக்குள்ள கடமை யாது என்ற வினாவுக்கு விடை தேட, கடல்கடந்து டெட்ராய்ட் நகரத்துத் தொழிலாளி ஒருவரின் சரித்திரத்தை முதலில் அறிந்துகொள்வது நலம்.

மெக்சிகோவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பத்தில் ஆறாவது குழந்தையாக, 1942 ஜூலை 10-ஆம் தேதி பிறந்தவர் சிக்ஸ்டோ ரோட்ரிகஸ். மின்கிதாரின் அதிர்வையும் டிரம்ஸின் தாளத்தையும் ஆதாரமாகக் கொண்டு, இளைஞர்களின் கோபத்தையும் ஏக்கத்தையும் உரத்த குரலில் வெளியிட்ட ராக் சங்கீதம் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த அக்காலத்தில், தொழில் நகரத்து ஏழைகளின் துயரத்தையும் போதையின் பிடியில் சிக்கியோரின் அவலத்தையும் அதிகாரத்தின் பொய்மையையும் பாடல்களாக எழுதிய இவர், சிறிய கேளிக்கை விடுதிகளில் சபைக்கு முதுகைக் காட்டி நின்று பாடும் கூச்ச சுபாவம் உடையவராக இருந்தார். 1970-இல் ‘கோல்ட் ஃபேக்ட்’ என்ற இசைத்தட்டும் 1971-இல் ‘கமிங் ஃப்ரம் ரியாலிட்டி’ என்ற இசைத்தட்டும் வெளிவந்தன. தயாரித்தவர்கள் மகத்தான வெற்றியை எதிர்பார்த்தார்கள். அமெரிக்காவில் அவற்றை வாங்குவார் இல்லை. 1975-இல் இசைத்தட்டு நிறுவனமும் மூடப்பட்டது.

ரோட்ரிகஸ் கிதாரை வீட்டில் வைத்துக்கொண்டு, பழைய கட்டடங்களை இடிக்கும் வேலைக்கும் வீடுகளைச் செப்பனிடும் வேலைக்கும் போனார். அரசாங்க ஏலத்தில் 50 டாலருக்கு வாங்கிய வீட்டில் குடியிருந்தார். உடலுழைப்புக்கு நடுவே பல்கலைக்கழகத்தில் படித்து 1981-இல் தத்துவத்தில் பட்டம் பெற்றார். நகரசபைத் தேர்தலில் நின்று தோற்றார். சட்டத்துக்கோ சத்துருவுக்கோ அஞ்சி அவர் ஒளியவில்லை. உலகம் வேண்டாம் என்று சொன்ன ஒரு கலையை ஓசையில்லாமல் மடித்துவைத்துவிட்டு, குடும்பத்தைக் காக்கும் கிருகஸ்தனாக வாழ்ந்தார். 1979-இலும் 1981-இலும் ஆஸ்திரேலிய ரசிகர்கள் அவரை அழைத்துப் பாடவைத்ததுண்டு. அதன் பிறகு மறுபடியும் சுத்தியலும் சுமையுமே அவர் கைக்கு வந்தன.

இதே காலத்தில், அவர் அறியாமலே, அவருடைய பாடல்கள் தென்னாப்பிரிக்காவில் வேறொரு வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்தன. நிறவெறிக் கொள்கையைச் சட்டமாக வைத்திருந்த அந்நாட்டில் தொலைக்காட்சியே 1976-இல்தான் நுழைந்தது. அயல்நாட்டுப் புத்தகமும் பாட்டும் தணிக்கையின் கண்ணுக்குத் தப்பி வருவது அரிதாக இருந்தது. உலக நாடுகள் விதித்த பகிஷ்காரத்தால் வெளியுலகச் செய்தியும் சுருங்கிப்போயிருந்தது. அந்த அடைப்புக்குள், ஆள்வோரைக் கேள்வி கேட்கத் துணிந்த வெள்ளை இளைஞர்களுக்கு ரோட்ரிகஸின் குரல் வேதவாக்காயிற்று. போதையைப் பற்றிய பாடலை ஒலிபரப்பக் கூடாது என்று, வானொலி நிலையத்து இசைத்தட்டிலேயே அந்தப் பகுதியை அதிகாரிகள் கீறிவைத்தார்கள். ஆயினும் தட்டுகள் லட்சக்கணக்கில் பரவின. பாடகரைப் பற்றிய விவரம் மட்டும் எவருக்கும் தெரியவில்லை. அவர் மேடையிலேயே தம்மைச் சுட்டுக்கொண்டார் என்றும், தீக்குளித்து மாண்டார் என்றும் பலவகையான கதைகள் உலவின.

கேப் டவுனில் இசைத்தட்டுக் கடை நடத்திய ஸ்டீஃபன் செகர்மனும், கிரெய்க் பார்த்தோலோமியூ ஸ்ட்ரைடம் என்ற பத்திரிகையாளரும் அந்த மரணத்தின் உண்மையை அறியப் புறப்பட்டார்கள். பாடலொன்றில் வந்த டியர்போர்ன் என்ற பெயர் டெட்ராய்டை ஒட்டிய ஊர் என்று கண்டு, அந்தத் தடத்தைப் பற்றிச் சென்று, முதல் தட்டைத் தயாரித்த மைக் தியோடரை 1997-இல் எட்டிப்பிடித்து, பாடகர் எப்படி இறந்தார் என்று கேட்டபோது, அவர் உயிரோடு டெட்ராய்டிலேயே இருக்கிறார் என்ற பதில் கிடைத்தது. 1998 மார்ச்சில் ரோட்ரிகஸ் தென்னாப்பிரிக்க மேடையில் நின்றார். எதிரே அமர்ந்திருந்த ஆயிரக்கணக்கானோர் ஒவ்வொரு பாடலையும் சொல் பிசகாமல் உடன்பாடினார்கள். ஊருக்குத் திரும்பியவர் பழைய வீட்டிலேயே குடியிருந்தார். ஸ்வீடன் நாட்டு இயக்குநர் மாலிக் பெஞ்செலூல் இச்சரித்திரத்தை ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ என்ற ஆவணப்படமாக 2012-இல் வெளியிட்டு மறு ஆண்டு ஆஸ்கர் பரிசு பெற்றபோதும், அந்த விழா மண்டபத்துக்கு ரோட்ரிகஸ் போகவில்லை. 2023 ஆகஸ்ட் 8-ஆம் தேதி, 81-ஆம் வயதில் அவர் காலமானார்.

இச்சரித்திரத்தின் அதிசயத்தில் மயங்கி, அதன் அநீதியை நாம் மறந்துவிடலாகாது. ஒரு தேசத்தின் வாலிபர்கள் அவருடைய பாடலைக் கேட்டு வளர்ந்த ஆண்டுகளில், அப்பாடலை இயற்றியவர் செங்கல்லும் சிமெண்டும் சுமந்துகொண்டிருந்தார். விற்ற தட்டுகளுக்குரிய பணம் அவர் கைக்கு வரவில்லை. அது யாரிடம் தங்கிற்று என்ற வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. அவரைத் தேடி வந்த பழைய வாழ்வு, நெடுங்காலம் கொடுக்காமல் வைத்திருந்த கடனைத் திருப்பிக் கொடுக்க வந்த கடனாளியைப் போல வந்தது. ஆகவேதான் அந்த வருகை மங்களமாக முடிந்தது.

எல்லா வருகையும் அப்படி முடிவதில்லை. 1965-இல் லண்டனில் தோன்றிய பிங்க் ஃபிளாய்ட் குழுவின் முதல் பாடலாசிரியரும் பாடகருமான சிட் பாரெட், புகழின் உச்சியில் சித்தம் கலங்கி, 1968-இல் குழுவைவிட்டு விலகினார். பிற்காலத்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில், ரோஜர் என்ற தம் இயற்பெயரையே வைத்துக்கொண்டு, ஓவியம் தீட்டியும் தோட்டம் பேணியும் வாழ்ந்தார். அவருக்குச் சேர வேண்டிய பணத்தைப் பழைய தோழர்கள் தவறாமல் சேரச் செய்தார்கள். அவர் வேண்டியது அமைதி ஒன்றுதான். அதை மட்டும் உலகம் கொடுக்க மறுத்தது. கடைக்குப் போகும் வழியில் படம் பிடிப்போரும், பழைய பாடகனைப் பார்த்தே தீர்வோம் என்று வாயிற்கதவைத் தட்டுவோரும் 2006-இல் அவர் மறையும் வரை ஓயவில்லை. அன்பின் பெயரால் செய்யப்பட்ட இம்சை என்று இதைச் சொல்லாமல் வேறென்ன சொல்வது?

ஏகாந்தத்தைத் தாமே தேர்ந்துகொண்டு, அதைக் காத்தும் காட்டியவர் நம் நாட்டு அன்னபூர்ணா தேவி. மைஹர் அலாவுதீன் கானின் மகளும், சுர்பஹார் வாத்தியத்தில் ஒப்பற்றவரும், ரவிசங்கரின் முதல் மனைவியுமான அவர், 1950-களிலேயே பொதுக் கச்சேரிகளைத் துறந்தார். பத்மபூஷண் விருது வந்த பிறகும், 2018-இல் மறையும் வரை, அந்த வைராக்கியம் தளரவில்லை. ஆனால் மும்பையில் அவருடைய வீட்டுக்குள் வித்தை ஓயவில்லை. நிகில் பானர்ஜி, ஹரிபிரசாத் சௌரசியா முதலான மேதைகளுக்கு அவர் கற்பித்தார். பிருகன்னளையைப் போல மறைவிலிருந்தபடியே ஆசிரியத் தொழிலை நடத்தியவருக்குச் சபை செய்யத்தக்க மரியாதை, அவருடைய மௌனத்தை மதிப்பதே.

இனி நம்முடைய சாலைக்குத் திரும்புவோம். ராஜபாளையத்திலிருந்து தெற்கே போனால் தென்காசியைத் தாண்டி வரும் செங்கோட்டையில் 1906-இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா, சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த இசை நாடக மரபில் வளர்ந்து, ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைவரை கேட்கும் கந்தர்வக் குரலால் தமிழ்நாட்டையும் இலங்கையையும் ஆண்டவர். அன்றைய நாடக மேடை, பிற்காலத்து ராக் மேடை பெற்ற வெறிகொண்ட ரசிகர் கூட்டத்தை முன்னதாகவே பெற்றிருந்தது. 1933 டிசம்பர் 2-ஆம் தேதி, 27 வயதில் கிட்டப்பா மறைந்தபோது, அவருடைய வாழ்க்கைத் துணைவியும் மேடைத் துணைவியுமான கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் வெள்ளைக் கதர் உடுத்தி மேடையைவிட்டு விலகினார்.

அவருடைய பழைய கீர்த்தி அவரை விடவில்லை. மறுபடியும் பாடச் சொல்லி அழைப்புகள் வந்தன. அவரோ, எந்த ஆடவருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற நியமத்தைக் கைவிடாமல், 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே வேடம் பூண்டார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது நாட்டையே வியக்க வைத்த செய்தி. 1953-இல் ஔவையாராக அவர் நடித்த படம் இல்லந்தோறும் அவர் குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. விருதுநகர் ஈன்ற காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1958-இல் சட்டமன்ற மேலவையில் அவர் உறுப்பினரானார். தம்மைத் தேடி வந்த பழைய வாழ்வைத் தம்முடைய நிபந்தனைகளுக்குப் பணியச் செய்தவர் சுந்தராம்பாள்.

இந்த நால்வரின் சரித்திரத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நியாயம் புலனாகும். மறைந்து வாழும் கலைஞனின் வாசலுக்குப் போகிறவன், தான் கொடுக்கப் போகிறானா, எடுக்கப் போகிறானா என்று முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். ரோட்ரிகஸிடம் உலகம் கொடுக்கப் போயிற்று. பாரெட்டிடம் எடுக்கப் போயிற்று. துறந்தவரின் கதவு மூடியிருப்பது அவருடைய உரிமை. துரத்தப்பட்டவரின் கதவு மூடியிருப்பது நம்முடைய குற்றம். இவ்விரண்டையும் பிரித்தறியும் பொறுப்பு ரசிகனுடையது.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், இவற்றைச் சூழ்ந்த கிராமங்களிலும், ஒரு காலத்தில் ராஜபார்ட் வேடம் கட்டியவர்களும், நாகஸ்வரமும் ஆர்மோனியமும் வாசித்தவர்களும், மெல்லிசைக் குழுக்களில் கிதார் மீட்டியவர்களும் இன்று வேறு தொழில்களில் இருக்கக்கூடும். அவர்களுள் யாரேனும் பாட விரும்பினால், திருவிழா மேடையில் ஒரு மணி நேரத்தை உரிய சன்மானத்தோடு ஒதுக்க ஊர்ப் பெரியவர்களால் இயலும். அவர்களுடைய பாட்டையும் அனுபவத்தையும் ஒலிப்பதிவு செய்து, பெயரோடும் ஆண்டோடும் பாதுகாக்கக் கல்லூரி மாணவர்களால் இயலும். நலிந்த கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் மூலம் அரசு வழங்கும் மாதாந்திர நிதியுதவிக்கு மனு எழுதிக் கொடுக்க, எழுதத் தெரிந்த எவராலும் இயலும். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், வணங்கித் திரும்பும் பண்பும் நமக்கு வேண்டும்.

தென்னாப்பிரிக்க ரசிகர்கள் தங்கள் பாடகரைக் கண்டுபிடிக்க இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. இடையே ஒரு சமுத்திரமும் ஒரு கொடுங்கோல் ஆட்சியும் குறுக்கே நின்றன என்பது அவர்களுக்குரிய சமாதானம். அடுத்த தெருவில் இருப்பவரைத் தேடாமல் இருப்பதற்கு நமக்கு அத்தகைய சமாதானம் எதுவும் இல்லை.